வேருக்கும் இலைக்கும் ஒரே நாற்காலி

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் என் எதிர்வீட்டில் குடியிருப்பவரோ லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் உயரத்துக்கு ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தான் மட்டும் படி ஏறி வருவார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். வாங்கிய கையோடு கட்டடத்துக்காரனை இரண்டு வார்த்தை திட்டுவார். திட்டு எந்தத் திருப்பத்திலிருந்து கேட்கிறது என்பதை வைத்து நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். கடைசித் திருப்பத்துத் திட்டும் தண்ணீர் கொதிப்பதும் சரியாக இருக்கும். அவருடைய மனைவி காலமான பிறகு, வேலையிலிருந்து வரும் மனுஷனுக்கு ஒரு டீ கொடுக்க ஆளில்லையே என்று நான் தொடங்கிவைத்த வழக்கம் அது.

நான் முடி வெட்டுகிறவள். தெருமுனையில் பெண்களுக்கான கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் தலையைத் தொட்டுப் பிழைக்கிறவளுக்கு வாயும் சும்மா இருக்காது, காதும் சும்மா இருக்காது. அதனால் எதிர்வீட்டுச் சங்கதி எனக்கெப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். பகலில் இரண்டு வீட்டுக் கதவும் திறந்துதான் கிடக்கும். அவர்கள் வீட்டில் உப்பு தீர்ந்தால் என் டப்பா போகும். என் வீட்டுக் குழாய் ஒழுகினால் மெக்கானிக் அண்ணன் ஸ்பானரோடு வருவார்.

அவருக்கு ஒரே மகன். மகனும் மருமகளும் படிக்கிற காலத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டு, சண்டை முற்றிக் கல்யாணத்தில் முடிந்தவர்கள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலை, இருவருக்கும் ஒரே தக்காளிச் செடி. தண்ணீரில்லாமல் தவிக்கும் செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அவன் வேரைப் பார்க்கிறான், அவள் இலையைப் பார்க்கிறாள். அதனால் மெக்கானிக் அண்ணன் அவர்களுக்கு வேர்க்காரன், இலைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்களுடைய நிஜப் பெயர் தெரியாது.

செடியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று ஒரு நாள் அவள் தலையை அலசும்போது கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். செல் என்பது ஒரு பெரிய ஹோட்டல் சமையல்கட்டு, ஆர்.என்.ஏ. என்பது அங்கே வந்து விழும் ஆர்டர் சீட்டு. எந்தச் சீட்டு எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணினால், அந்த நேரத்தில் செடி எதற்குத் தவிக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் சீட்டு முழுசாகக் கிடைக்காது, தூள்தூளாகக் கிழிந்துதான் கிடைக்கும். கோடிக்கணக்கான துண்டுகளில் எது எந்தச் சீட்டின் துண்டு என்று கண்டுபிடித்து எண்ணுவதுதான் கம்ப்யூட்டரின் வேலை. அந்த எண்ணும் புரோகிராமை அவள்தான் மாணவியாக இருந்தபோது எழுதினாளாம். வீட்டில் அதற்குச் சல்லடை என்று பெயர். அவள் தன் கணினியில் ஒரு சல்லடை வைத்திருந்தாள், அவன் அதையே நகலெடுத்துத் தன் கணினியில் வைத்திருந்தான்.

அந்த வேலையைப் பார்க்க நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். உறைந்த இலையைச் சின்ன உரலில் போட்டு, புகை பறக்கும் குளிர்த் திரவத்தை ஊற்றி மாவாக இடித்தாள். விரல் பட்டாலே ஆர்.என்.ஏ. கெட்டுப்போகும் என்று கையுறை போட்டிருந்தாள். மூச்சு படாமல் முகத்தை வேறு திருப்பிக்கொண்டாள். அந்தப் பழக்கம் தொற்றி, வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதும் மூஞ்சியைத் திருப்புவாள். எதிரில் நிற்கிறவர்கள் என்ன குற்றம் செய்தோம் என்று முழிப்பார்கள்.

இந்த வீட்டுக்குள்தான் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.ஏ. கணினி ஆய்வுக்கு நிரந்தர இடம். ஒரே இடம். அவர்கள் இருவரின் தற்காலிக வேலையும் இந்த மழைக்காலத்தோடு முடிகிறது. இருவரில் யாருக்குக் கிடைத்தாலும் குடும்பம் இங்கேயே நிற்கும். கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு தேசத்துக்கு வேலை தேடிப் போகவேண்டும். மெக்கானிக் அண்ணன் காலி வீட்டுக்குப் படி ஏறவேண்டும். இருவரும் விண்ணப்பித்தார்கள், இருவருக்கும் அழைப்பு வந்தது. மூன்றாவதாக வெளியூரிலிருந்து ஒருவன் வருகிறான் என்றும் கேள்வி.

அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் இருந்த குதூகலத்தைச் சொல்லி மாளாது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒருவரையொருவர் கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். போட்டியில் எரிச்சல் வரவில்லையா என்று நான் வம்புக்குக் கேட்டபோது, யாருக்குக் கிடைத்தாலும் சம்பளம் ஒரே டப்பாவில்தானே விழும் என்று இலைக்காரி சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் ஆசை இருந்தது எனக்குத் தெரியும். முடி வெட்டும்போது கழுத்து இறுகியிருந்தால் ஆள் மனசில் எதையோ அடக்குகிறாள் என்று அர்த்தம்.

ஆனால் வேர்க்காரனுக்குத்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். காரணம், அவன் கண்டுபிடித்திருந்த விஷயம் அப்படி. சில சீட்டுகள் மறுபக்கத்திலிருந்து எழுதப்படுமாம். அவை அபூர்வம், ஆர்டரை ரத்து செய்கிற சீட்டுகள். தண்ணீர் இல்லாத வேர், ஒன்றிரண்டல்ல, கூட்டங்கூட்டமாக ரத்துச் சீட்டு எழுதுகிறது என்று அவன் கண்டுபிடித்திருந்தான். இதை அப்பாவிடம் சொன்னதுதான் தாமதம், மெக்கானிக் அண்ணன் ஊரில் உள்ள லிஃப்டுகளிலெல்லாம் பரப்பிவிட்டார். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை மீட்டு வெளியே இழுக்கும்போதே, என் பையன் ஒன்று கண்டுபிடித்திருக்கிறான் என்று ஆரம்பித்துவிடுவாராம்.

நேர்காணல் திங்கட்கிழமை. ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் ஒத்திகை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கொடியில் போட வழியில்லாமல் துணியெல்லாம் நாற்காலிகளின் முதுகில் காய்ந்தன. என் வீட்டு வெள்ளைப் போர்வையைச் சுவரில் ஆணியடித்துத் திரையாக்கினோம். அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்தது. வேர்க்காரனுக்கு நான் முந்தின நாள்தான் முடி வெட்டியிருந்தேன். ஆண்களுக்கு வெட்டுவதில்லை என்பது என் கடைச் சட்டம், அவனுக்காகத் தளர்த்தினேன். பார்க்க லட்சணமாக இருந்தான்.

அவன் பேச ஆரம்பித்தான். நன்றாகவே பேசினான். படம் படமாக வந்தது; தண்ணீர் ஊற்றிய வேர் நீலக் கோடு, தாகத்தில் விட்ட வேர் சிவப்புக் கோடு. நீலத்தில் ஆர்டர் சீட்டுகள் மேலே நின்றன, சிவப்பில் ரத்துச் சீட்டுகள் கீழே கொத்துக்கொத்தாகத் தொங்கின. மெக்கானிக் அண்ணன் கை தட்டினார். நானும் தட்டினேன். இலைக்காரி தட்டவில்லை. அவள் அவித்த முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள்; பாதி உரித்த முட்டை கையிலேயே நின்றது. திரையின் கீழ்மூலையில் ஒரு சின்னப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நிமிஷம் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். சூப் பொங்கியிருக்கும் என்று நான் பின்னால் போனேன். சூப் பொங்கவில்லை. அவள் கைப்பிடித் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, மூலையில ஒரு சின்னப் படம் இருந்துச்சே, பாத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும், எல்லாம் நீலமும் சிவப்புமாத்தான் இருந்துச்சு."

"அது வீட்டு வேலை பாக்குற ஜீன். மழையோ வெயிலோ, பாத்திரம் தேய்ச்சுத்தானே ஆகணும், அந்த மாதிரி. அது எப்பவும் ஒரே அளவுல இருக்கும். அதையே ரத்து பண்ணிட்டா செடி செத்துடும்." கையில் இருந்த துணியை இன்னும் ஒரு சுற்று சுற்றினாள். "அந்தச் செடி சாகல அக்கா. சோதனை முடிஞ்சப்புறம் மிச்சச் செடிக்கெல்லாம் நான்தான் தண்ணி ஊத்தினேன். எல்லாம் தழைச்சு நின்னுச்சு."

பிறகு அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் சீட்டுத் துண்டுகளைப் படிக்கத் தயார் செய்யும் ரசாயனப் பொட்டி ஒன்று உண்டு. பழைய பொட்டியில் தயாரித்தால் துண்டுகள் முகம் பார்த்து வரும். இந்த வருஷம் வாங்கிய புதுப் பொட்டியில் முதுகு பார்த்து வரும். எது முகம், எது முதுகு என்று சல்லடையில் ஒரு இடத்தில் குறிக்க வேண்டும். வேர்க்காரனின் தண்ணீர் ஊற்றிய செடிகளெல்லாம் பழைய பொட்டியில் தயாரானவை. தாகத்தில் விட்டவற்றுக்கு முறை வருவதற்குள் பொட்டி தீர்ந்து புதுசு வந்துவிட்டது. இலைக்காரி தன் சல்லடையில் குறியை மாற்றிக்கொண்டாள். அது மெக்கானிக் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட வாரம். வேர்க்காரன் ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் கிடந்தான். திரும்பி வந்ததும் தன் பழைய சல்லடையிலேயே எல்லாவற்றையும் சலித்துவிட்டான். அவன் பார்த்த ரத்துச் சீட்டெல்லாம் ரத்துச் சீட்டே இல்லை. சாதாரண ஆர்டர் சீட்டு, குப்புறக் கிடந்தது.

"நான் அவன்கிட்ட சொன்னேனான்னு யோசிச்சுப் பாக்குறேன்," என்றாள். "சொல்லல."

உண்மையைச் சொன்னால் என்ன, நான் அவளை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். நாளைக்குப் பேசிவிட்டு வரட்டும், பிறகு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு அங்க யாராவது அந்த மூலையப் பாத்துட்டா அவன் மானம் போகும். யாருமே பாக்காம அவனுக்கே வேலையக் குடுத்துட்டா அதவிட மோசம். ஆனா இப்போ நான் போய்ச் சொன்னா, அவன் என்ன நினைப்பான்னும் எனக்குத் தெரியும்."

தெரிந்தே போய்ச் சொன்னாள். சூப்பைக்கூடக் கிண்ணத்தில் ஊற்றவில்லை. போர்வைத் திரைக்கு முன்னால் நின்று, மூலைப் படத்தில் விரலை வைத்து, அடுக்கடுக்காகச் சொன்னாள். வேர்க்காரன் முகம் வெளிறிப்போனது. முதலில் இல்லை என்றான். பிறகு இருக்காது என்றான். பிறகு அந்த மூலைப் படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். மெக்கானிக் அண்ணன்தான் குறுக்கே வந்து, இத்தனை லிஃப்டில் சொல்லி வைத்திருக்கிறேனே, எல்லாரிடமும் போய் இல்லை என்று சொல்வதா என்று கேட்டார்.

"நாளைக்கு இன்டர்வியூ. இன்னைக்குத்தான் இது உன் கண்ணுல படுதா?" என்றான் வேர்க்காரன்.

"இன்னைக்குத்தான் அந்தப் படத்த நீ காட்டின."

"எனக்குக் கிடைச்சிடும்னு பயந்துட்டியா?"

எனக்கு அவனை ஒரு அறை அறையலாம் போலிருந்தது, என் உறவா அவன், அடக்கிக்கொண்டேன். இலைக்காரி அழவில்லை.

"ஆமா, எனக்கும் அந்த வேலை வேணும். ரொம்ப வேணும். ஆனா நீ தடுக்கி விழுந்த இடத்துல ஏறி நின்னு வாங்க எனக்கு வேண்டாம். குறிய மாத்திட்டு ஓட்டிப் பாரு. நான் சொன்னது தப்புன்னா மாமா எதிர்ல மன்னிப்புக் கேக்குறேன்."

அவன் மடிக்கணினியைத் திறந்தான். புதுப் பொட்டித் துண்டுகளுக்குக் குறியை மாற்றி, சல்லடையை ஓட்டினான். அது ஓடி முடிய நேரம் பிடிக்கும். அதுவரை என்ன செய்வது? சாப்பிட்டோம். சூப்பில் ரொட்டியை நனைத்துத் தின்றோம். உப்பு கூடியிருந்தது, யாரும் சொல்லவில்லை. மெக்கானிக் அண்ணன் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். வேர்க்காரன் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. இலைக்காரி அவன் கிண்ணத்தில் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டேயிருந்தாள், அது ஊறிக் கஞ்சியாகிவிட்டது.

முடிந்தது. கீழே தொங்கிய சிவப்புக் கோடுகளெல்லாம் எழும்பி நீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டன. மாதக்கணக்காக அவன் தூக்கம் கெட்டுப் பார்த்த அதிசயம் கண்ணெதிரே காணாமல் போனது. வேர்க்காரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தப்பா பேசிட்டேன் என்று மெதுவாகச் சொன்னான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். கை வைத்தவள், தோளை அழுத்திப் பிடித்தாள்.

"கண்ணத் திற. இங்க பாரு."

எல்லாக் கோடும் எழும்பிவிட்ட இடத்தில், ஒரே ஒரு சிவப்புக் கோடு மட்டும் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை மேலே நின்றிருந்த ஒன்று. அவன் பெரிதாக்கிப் பார்த்தான். குறியைச் சரிபார்த்தான். மறுபடி பார்த்தான். அது குப்புறக் கிடந்த சீட்டு அல்ல, நிஜமான ரத்துச் சீட்டு. எல்லாமே தலைகீழாகத் தெரிந்ததில், இது மட்டும் இத்தனை நாள் சாதாரண ஆர்டர் சீட்டு வேஷத்தில் ஒளிந்திருந்தது.

"வேர்ல இருக்கு," என்றான் அவன். அவன் குரலே மாறிப்போனது. "இலையில?"

இலைக்காரி தன் கணினியை எடுக்க ஓடினாள். ஈரத் துணி போட்டிருந்த நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. மறுபக்கத்தையும் எண்ணுகிற மாதிரி வேர்க்காரன் தன் நகலைத் திருத்தி வைத்திருந்தான்; அவளுடைய சல்லடையோ ஆர்டர் சீட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபக்கத்துச் சீட்டையெல்லாம் தூசி என்று கீழே தள்ளிவிடுமாம். தன் பங்குக்கு அவளும் ஒன்றைத் தவறவிட்டிருந்தாள். தூசிக் குவியலைக் கிளறினாள். அதே இடம். அதே சீட்டு. தாகத்தில் விட்ட இலைகளில் மட்டும், எல்லா இலைகளிலும்.

இருவரும் போட்ட கூச்சலில் கீழ்மாடிக்காரர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். வேர்க்காரன் அப்பாவைக் கட்டிக்கொண்டான், என்னைக் கட்டிக்கொண்டான், பெண்டாட்டியைத் தூக்கிச் சுற்றினான். மெக்கானிக் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் குதித்தார். முறிந்து கூடிய கால் அது என்பதையே மறந்துவிட்டார். ஒன்று மட்டும்தானா, முன்னே ஆயிரம் இருந்ததே என்று பிறகு மெதுவாக என்னிடம் கேட்டார். அது பொய், இது நிஜம் அண்ணே என்றேன். அப்படியென்றால் சரி என்று இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டார்.

சந்தோஷம் அடங்கியதும் அடுத்த சண்டை தொடங்கியது. நாளைக்கு இதை யார் காட்டுவது? வேரில் மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம், இலையிலும் இருப்பதால்தான் அது உறுதி. ஆகவே பாதி அவனுடையது, பாதி அவளுடையது. நாற்காலியோ ஒன்று. நீதான் கண்டுபிடித்தாய், நீ காட்டு என்றான் அவன். உன் பேச்சில் இப்போது வேறு ஒன்றும் மிச்சமில்லை, நீ காட்டு என்றாள் அவள். நீ, நீ என்று இருவரும் முறைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முடிவு கட்டாமலேயே ஆளுக்கொரு மூலையில் தங்கள் பேச்சைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்கள். நான் என் போர்வையைச் சுவரிலிருந்து கழற்றாமலே வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை என் கடைக்கு விடுமுறை. மெக்கானிக் அண்ணனும் லீவு போட்டார். அவருடைய வேனில் கயிறு, கிரீஸ் டப்பா எல்லாவற்றுக்கும் நடுவே நாங்கள் உட்கார்ந்து போனோம். இலைக்காரியின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் படாமல் நான் என் துப்பட்டாவை விரித்துக் கொடுத்தேன். மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

நேர்காணல் மேல்மாடியில். அங்கே லிஃப்ட் இருந்தது. மெக்கானிக் அண்ணன் அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வயித்தாலே போகிறவன் மாதிரி முனகுகிறது என்று சொல்லி எங்களைப் படியில் ஏற்றினார். நடைபாதையில் பெஞ்சு போட்டிருந்தது. வெளியூர்க்காரன் முதலிலேயே பேசிவிட்டு வெளியே வந்தான். அவன் முடிவெட்டைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. காதோரத்தில் ஒரு மயிர் பிசகவில்லை. அவ்வளவு நேர்த்தியான ஆளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள்?

பிறகு இலைக்காரியைக் கூப்பிட்டார்கள். வேர்க்காரன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டேயிருந்தான், பெஞ்சும் ஆடியது. கதவு திறந்து அவள் வெளியே வருவதும் அவனை உள்ளே கூப்பிடுவதும் ஒன்றாக நடந்தது. கடந்து போகும்போது இருவரும் கையை மட்டும் தொட்டுக்கொண்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

"காட்டிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல அக்கா. அது அவன் காட்டட்டும்னு விட்டுட்டேன்." அவள் முகம் பளிச்சென்றிருந்தது. "என் இலையில இன்னொரு விஷயம் இருக்கு, அத அடுத்து வரவர் காட்டுவார்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

நான் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன். பெருமையாக இருந்தது. உள்ளே அவன் பேசும் சத்தம் மங்கலாகக் கேட்டது. ஒரு தடவை யாரோ சிரித்தார்கள். அவனும் வெளியே வந்தான், சுமை இறக்கி வைத்தவன் மாதிரி. தன் தப்பைத்தான் முதலில் சொன்னானாம். பொட்டி மாறியதையும் குறி மாறாததையும் ஒளிக்காமல் சொல்லி, இதைப் பிடித்தவரும், மிஞ்சிய நிஜத்தைக் கண்டவரும் எனக்கு முன்னால் இங்கே பேசிவிட்டுப் போனவர்தான் என்றும் சொன்னானாம்.

"அப்புறம் அந்தச் சீட்ட காட்டினியா?" என்றாள் இலைக்காரி.

"நான் எதுக்குக் காட்டணும்? நீதான் காட்டியிருப்பியே."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பந்தியில் நீ உட்கார், நீ உட்கார் என்று உபசரித்துக்கொண்டே இரண்டு பேரும் பட்டினியாக எழுந்து வந்த கதையாகிவிட்டது. வெளியூர்க்காரனின் காதோரம் என் கண்முன்னால் வந்து நின்றது. இலைக்காரி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். வேர்க்காரன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்லன்னு சொல்வாங்க," என்றார் மெக்கானிக் அண்ணன். "ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்தா என்ன ஆகும்னு யாரும் சொல்லல."

அப்போதுதான் கதவு திறந்தது. குழுவின் தலைவி எட்டிப் பார்த்தார். நரைத்த முடியைத் தானே கத்தரியால் வெட்டிக்கொள்கிற ரகம் என்று பார்த்ததும் தெரிந்தது; பின்பக்கம் ஏற்ற இறக்கமாக இருந்தது. எனக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துப்போனது.

"அவங்க உங்களக் கை காட்டினாங்க, நீங்க அவங்களக் கை காட்டிட்டுப் போயிட்டீங்க," என்றார். "அது என்னன்னு நாங்க இன்னும் பாக்கல. பாக்காம எங்களால சாப்பிடப் போக முடியாது. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. நானும் மெக்கானிக் அண்ணனும் மாற்றி மாற்றி எட்டிப் பார்த்தோம். அவன் பலகையில் வேரை வரைந்தான், அவள் மேலே இலையை வரைந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடித்தார்கள், நடுவில் சண்டையும் போட்டார்கள். குழுவில் ஒருவர் எழுந்து போய்ப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். தலைவியும் எழுந்தார். கடைசியில் நாற்காலிகளில் யாருமே இல்லை. என் வீட்டுப் பிள்ளைகள் இல்லைதான், ஆனாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முடிவு சொல்ல நாளானது. அந்த நாட்களில் எதிர்வீட்டில் போன் அடித்தால் என் வீட்டில் எனக்கு நெஞ்சு அடித்தது. ஒரு சாயங்காலம் இலைக்காரி என் கடையில் தலையைத் தொட்டியில் சாய்த்துப் படுத்திருந்தாள்; ஷாம்பு நுரை காதுவரை. போன் அடித்தது. நான்தான் துடைத்த கையால் எடுத்து அவள் காதில் வைத்தேன். ஆமாம் என்றாள், நன்றி என்றாள், மறுபடி ஆமாம் என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். நுரை முதுகில் வழிந்தது.

"எனக்குத்தான் அக்கா," என்றாள். "அவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

தலையை அலச விடவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். வேர்க்காரன் மூன்றாம் மாடி வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தான். நுரையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலிக்குது," என்றான். "ஆனா சந்தோஷம்தான் பெருசா இருக்கு. உனக்குக் கொடுக்கலன்னா அவங்க முட்டாளுங்க."

அவள் அழுதாள். அன்றைக்கு ஒத்திகையில் அழாததையும் சேர்த்து அழுதாள். அவன் துண்டின் நுனியால் அவள் காதிலிருந்த நுரையைத் துடைத்தான்.

"ஒரே ஒரு கண்டிஷன். இனிமே சல்லடையில எதை மாத்தினாலும் வீட்டுக்கு வந்து சொல்லணும்."

"சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்றேன்."

தலைவி இன்னொன்றும் சொல்லியிருந்தாராம். அந்த ஒரு சீட்டைத் தொடர்ந்து ஆராய வேர் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்படும், வருஷம் திரும்புவதற்குள் அதற்கு வழி பார்ப்பதாக. உறுதியில்லை, பார்க்கிறேன் என்றுதான் சொன்னாராம். வேர்க்காரனுக்கு இப்போதைக்கு அது போதும் போலிருந்தது. எத்தனை செடி வளர்க்க வேண்டும், எத்தனை நாள் தாகத்தில் விட வேண்டும் என்று வாசலில் நின்றபடியே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முதல் திருப்பத்திலிருந்து, வழக்கம்போல் பெருமூச்சும் கட்டடத்துக்காரனுக்கு அர்ச்சனையும் எழும்பின. வேர்க்காரன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தான்.

"அப்பா, நாற்காலி இலைக்குக் கிடைச்சிடுச்சு," என்று கத்தினான். குரல் கொஞ்சம் உடைந்தாலும், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். "நாம எங்கயும் போகல."

திட்டு பாதியில் நின்றது. கருவிப் பை படியில் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் காலடிச் சத்தம் மட்டும்தான். இரண்டாவது திருப்பத்தில் அவர் நிற்கவில்லை, மூன்றாவதிலும் நிற்கவில்லை. நான் டீக்குத் தண்ணீர்கூட வைத்திருக்கவில்லை, அதற்குள் மேலே வந்துவிட்டார்.